கழுதைப் பட்டாளத்து மாமா

ஆடி அமாவாசை. கன்னியாகுமரிக் கடலில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன். இடுப்பில் ஈர வேட்டி, கையில் எள். தோளில் கிடந்த தோர்த்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. என்னை விட்டுவிட்டுத் துணியை மட்டும் எடுத்ததிலிருந்தே கடலுக்கு என்மேல் உள்ள மதிப்பு தெரிந்துவிட்டது.

எதிரே தர்ப்பணம் செய்துவைக்கும் போத்தி. அவருக்கு அவசரம். எனக்குப் பின்னால் வரிசை திருவிழா மாதிரி நிற்கிறது.

“அப்பா பேரு ஆச்சு. காரணவர் பேரு ஆச்சு. அடுத்த பேரைச் சொல்லும்வே!”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பூதலிங்...” என்றேன்.

கரையிலிருந்து ஒரு குரல். அலைச் சத்தம், சங்குச் சத்தம், சுண்டல் விற்கிறவன் சத்தம் எல்லாவற்றையும் தாண்டி வந்தது.

“ஏலே! அவனைச் சொல்லாத! அவன் சாவல்ல!”

என் அம்மை. பாறை மேல் ஏறி நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கத்துகிறாள். கடலுக்குள் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முங்கிக் கொண்டிருந்த ஒருவர் பாதியில் எழுந்துவிட்டார்.

“என்னவே இது, ஆளு உண்டா இல்லியா?” என்றார் போத்தி.

“தெரியாது சாமி.”

“தெரியாதவனுக்கு எள்ளு கெடையாது. நவுரும்.”

சுதந்திரம் வந்த சமயத்தில் என் அப்பா தவறினார். அதிலிருந்து ஆடிக்கு ஆடி இதே கூத்துதான். வழக்கமாக வருகிறவர்கள் சிலர் அம்மை கத்துவதைக் கேட்டுவிட்டுத்தான் கரையேறுவார்கள் என்று கேள்வி.

மட்டிப்பழமும் மெசபடோமியாவும்

பூதலிங்கம் என் தாய்மாமா. நான் அவரைப் பார்த்ததே இல்லை. முதல் உலகச் சண்டை நடந்தபோது அம்மை பாவாடை கட்டிய சிறுமி. அண்ணனுக்கு மீசை அரும்பும் வயசு. தகப்பனார் சிவதாணு பிள்ளை இவர்கள் சின்ன வயதிலேயே போய்விட்டார். இருவரும் வளர்ந்தது பூதப்பாண்டியில் அவர்களுடைய தாய்மாமா மாதேவன் பிள்ளை வீட்டில். குடும்பத்துக்குக் காரணவர், அதாவது தலைவர், அவர்தான். நாங்கள் எல்லோரும் அவரை வலிய மாமா என்போம். ஆளும் வலியவர்தான்.

வலிய மாமாவின் கட்டுப்பாட்டைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். அவர் வீட்டு நாய்கூட அவர் கனைத்த பிறகுதான் குரைக்கும்.

ஒருநாள் கோயிலுக்கு நேர்ந்து தொங்கவிட்டிருந்த மட்டி வாழைக்குலையில் ஒரு பழம் குறைந்தது. தின்றவர் பூதலிங்கம். தின்ற தோலைக் குலைக்கு நேர் கீழேயே போட்டிருந்தார். திருடுவதில்கூட எங்கள் குடும்பத்துக்குக் கைராசி கிடையாது. வலிய மாமா அவரைத் தென்னை மரத்தோடு சேர்த்துக் கட்டினார். பொழுது அடைகிற வரைக்கும் அவிழ்க்கவில்லை. அம்மை மட்டும் ஒளித்து ஒளித்துத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாளாம்.

மறுநாள் காலையில் ஆள் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, பாளையங்கோட்டைக்கு நடந்து, பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார் என்று கொஞ்ச நாள் கழித்துத் தெரிந்தது. அப்புறம் திருநெல்வேலிப் பக்கத்து ஆள் ஒருவர் வடசேரிச் சந்தையில் சொல்லிவிட்டுப் போனார்: “உங்க ஊர்ப் பையன் பஸ்ராவிலே கோவேறு கழுதை மேய்க்கான்.”

அவ்வளவுதான். சண்டை முடிந்தது. மற்ற ஊர்க்காரர்கள் திரும்பி வந்தார்கள். மாமா வரவில்லை. செத்தார் என்றும் தகவல் இல்லை.

ஒரு பழத்துக்காக ஒரு மனிதன் மெசபடோமியா வரைக்கும் போனான் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் மட்டிப்பழம் தின்றதில்லை. வலிய மாமாவையும் பார்த்ததில்லை.

என் ஆஸ்தி

இதில் எனக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். எங்கள் சனங்களில் அந்தக் காலத்தில் மருமக்கள்வழி. மாமன் சொத்து மகனுக்கு இல்லை, மருமகனுக்கு. அதாவது கூடப்பிறந்தவள் மகனுக்கு. சொத்து வருகிற வழியாகவே கடமையும் வரும். மாமனுக்குக் கொள்ளி வைப்பதும் எள்ளும் நீரும் இறைப்பதும் மருமகன். நான் பிறந்த காலத்தை ஒட்டிச் சட்டம் மாறிவிட்டது. அந்தச் செய்தி என் அம்மையின் காது வரைக்கும் வந்தது. உள்ளே போகவில்லை.

ஆக, பூதலிங்க மாமாவுக்கு நான் ஒரே வாரிசு. அவர் விட்டுப்போன ஆஸ்தி குருவி அடிக்கிற ஓர் உண்டைவில். அதையும் எலி கடித்திருந்தது.

சொத்துதான் அந்த லட்சணம், கடமையையாவது ஒழுங்காகச் செய்வோம் என்றால் அம்மை விடமாட்டாள். உயிரோடு இருக்கிறவனுக்கு எள் இறைத்தால் அவன் ஆயுசு குறையும் என்பது அவள் கட்சி. செத்தவனுக்கு இறைக்காமல் விட்டால் அவன் தாகத்தோடு அலைவான் என்பது சொந்தக்காரர்கள் கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில், கையில் எள்ளோடு, தோர்த்து இல்லாமல் நான்.

ஒரு வருஷம் கடற்கரையிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மை பைய என் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

“மக்கா, நீ அவ்வளவு இங்கிலீசு தட்டுகியே. அவன் இருக்கானா இல்லியான்னு பட்டாளத்துக்காரன்கிட்ட ஒரு காயிதம் தட்டிக் கேட்டா என்ன?”

ஹவில்தார் காட்டிய வழி

அப்போது நான் கோட்டாற்றில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திவந்தேன். மிஷின்கள் பழசு. ஒன்றில் ‘ஈ’ எழுத்து விழாது, ஆனால் நிஜ ஈக்கள் நிறைய விழும். எதிர்த்தாற்போல் ஹவில்தார் செல்லையாவின் சைக்கிள் கடை. இரண்டாவது சண்டையில் ஈராக் வரைக்கும் போய்வந்தவர். பஞ்சர் ஒட்டும்போதும் அட்டென்ஷனில்தான் உட்காருவார்.

“கவலப்படாதேயும் ஓய்,” என்றார். “பட்டாளத்துல ஒருத்தன் தும்முனாக்கூட எழுதி வச்சிருப்பான். எங்க வச்சு தும்முனான், எந்த மூக்குன்னும் போட்டிருப்பான். பெங்களூர்ல ரெக்கார்டு ஆபீஸ் இருக்கு. நம்பர் என்ன?”

“எந்த நம்பர்?”

“ஒம்ம மாமனுக்க பட்டாள நம்பர்.”

“அவரு பேரையே அம்மை எனக்குப் பாதிதான் சொல்ல விட்டிருக்கா.”

“நம்பர் இல்லாம போனா சாமியையே கேட்டுக்குள்ள விடமாட்டான். சரி, அப்பன் பேரு, ஊரு, சாதி, சேந்த வருசம் எழுதும். துப்பு கிட்டும்.”

தட்டினேன். தங்கள் பாதாரவிந்தங்களில் விழுந்து வணங்கி என்பதற்கு ஆங்கிலத்தில் என்னென்ன உண்டோ அத்தனையும் போட்டேன். முதல் பக்கம் முழுக்க வணக்கமே. மாமா இரண்டாம் பக்கத்தில்தான் வந்தார்.

பதில் வந்தது, மிக மரியாதையாக. பூதப்பாண்டி சிவதாணு பிள்ளை மகன் பூதலிங்கம் என்று யாரும் பதிவில் இல்லை. ஆனால் பூதலிங்கம் என்ற பெயரில் பலர் உண்டு, வேறு விவரம் அனுப்பவும் என்று இருந்தது.

பலர் இல்லாமல் எப்படி? எங்கள் ஊர் சாமிக்குப் பூதலிங்கம் என்று பெயர். ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தால் ஒரு பூதலிங்கம் மேல்தான் விழும். விழுந்ததும் எட்டிப் பார்த்து “யாருலே?” என்று கேட்கிறவரும் பூதலிங்கமாகத்தான் இருப்பார்.

மறுபடியும் எழுதினேன். பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டு, ஊரின் எழுத்துகளை மாற்றிப் போட்டு, சிவதாணுவை எத்தனை விதமாகக் கொலை செய்ய முடியுமோ அத்தனை விதமாகச் செய்து அனுப்பினேன். அதே பதில். சிவதாணு பிள்ளைக்கு மகன் இல்லை.

விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. “அவன் எங்க பட்டாளத்துக்குப் போனான்? கொழும்புல சாயாக்கடையில்லா வச்சிருந்தான்,” என்றார் ஒருவர். “கணவாய்லயே புலி அடிச்சிருக்கும்,” என்றார் இன்னொருவர். மட்டிப்பழம் தின்றவனைப் புலி தின்றது என்று சொன்னால் கதை கணக்காக முடிகிறதே, அந்த ஆசைதான்.

அம்மை இரண்டு நாள் யாரையும் ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் எனக்குச் சோறு விளம்பிக்கொண்டே சொன்னாள்.

“இந்த ஆடிக்கு அவன் பேரையும் சொல்லிரு மக்கா.”

நான் எத்தனையோ வருஷமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. இனிக் கடலில் மானம் போகாது. ஆனால் பிடித்த உருண்டையை அப்படியே கீழே வைத்தேன்.

“வேண்டாம்மா. கொஞ்சம் பொறுப்போம்,” என்றேன்.

“நீயாக்கும் இப்பம் சொல்லாண்டாங்கிறே?”

“ஆமா.”

“ஒனக்குக் கிறுக்கு,” என்றாள். அம்மை திரும்ப ஏச ஆரம்பித்ததில் ஒரு நிம்மதி.

என் மிஷினுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை

ஆடி நெருங்கிக் கொண்டிருந்தது. வெளியே தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர்வலங்கள். எந்த ராஜ்யத்தில் இருக்கிறோம் என்று ஊருக்கே தெளிவில்லாத காலம். எனக்கு நல்ல காலம். மகஜர்களுக்கு டைப்ரைட்டர் வேண்டுமே.

ஒருநாள் தோவாளையிலிருந்து ஒரு பூ வியாபாரி வந்தார். பிச்சிப்பூ வாசனை அவருக்கு முன்னால் உள்ளே வந்து உட்கார்ந்தது. அவருக்கு ஓர் அபிடவிட் வேண்டும். பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில் தகப்பனார் பெயர் தப்பாக இருக்கிறது, அதைத் திருத்த.

இது என் கடையில் இட்லி தோசை மாதிரி தினப்படி சரக்கு. வாசகம் மனப்பாடம். ‘மேற்படி சர்ட்டிபிகேட்டில் தகப்பனார் என்று கண்டிருக்கும் இன்னார் என் தகப்பனார் அல்ல, என் தாய்மாமன்...’ பிள்ளை வளர்வது மாமன் வீட்டில். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறவரும் மாமன். “யாருக்க வீட்டுப் பிள்ளை?” என்று வாத்தியார் கேட்பார். மாமன் பெயரைப் பிள்ளை சொல்லும். வாத்தியார் அதைத் தகப்பன் என்று எழுதிக்கொள்வார். நாஞ்சில் நாட்டில் எனக்கு மூத்தவர்களில் பாதிப்பேர் காகிதத்தில் மாமனுக்குப் பிறந்தவர்கள்.

தட்டிக்கொண்டே போனவன் ‘தாய்மாமன்’ என்ற இடத்தில் நின்றேன். விரல் அப்படியே மிஷினில் நின்றது.

“என்ன, ரிப்பன் தீந்துட்டா?” என்றார் பூ வியாபாரி.

“அண்ணாச்சி, ஒரு விசயம் கேக்கேன். நீரு சின்ன வயசுல பட்டாளத்துல சேரப் போறேருன்னு வச்சுக்கிடும். யாருக்க மகன்னு கேட்டா யாரு பேரைச் சொல்லுவேரு?”

“எங்க மாமன் பேரைத்தான். சோறு போட்டது அவருல்லா? அப்பனை நான் கண்டதே ஆண்டுக்கு ரெண்டு தடவை.”

நான் போட்ட கூச்சலில் உள்ளே தட்டிக்கொண்டிருந்த மாணவிகள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். பூ வியாபாரி கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் தெருவைத் தாண்டி ஓடினேன்.

“செல்லையா அண்ணே! எங்க மாமன் அப்பன் பேரைச் சொல்லியிருக்க மாட்டாரு! மாமன் பேரைச் சொல்லியிருப்பாரு! மாதேவன் பிள்ளை!”

ஹவில்தார் ட்யூபைத் தண்ணீரில் முக்கியபடி என்னைப் பார்த்தார்.

“மரத்துல கட்டிப் போட்டவன் பேரையா?”

“வேற யாரு பேரும் அவருக்குத் தெரியாது அண்ணே.”

“இதை மொதல்லயே சொல்லாண்டாமா ஓய்?”

“நீரு அப்பன் பேரைக் கேட்டீரு. நான் அப்பன் பேரைச் சொன்னேன்.”

“நான் பனங்காட்டுக்காரன். எங்களுக்கு அப்பன்னா அப்பன்தான். உங்களுக்கு இப்படி ஒரு ஏடாகூடம் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாதம் தவறாமல் அதே அபிடவிட்டைத் தட்டி வயிறு வளர்த்தவன் நான். அதைவிட, ஒன்றாம் வகுப்பில் என்னையே வலிய மாமாதான் கொண்டுபோய்ச் சேர்த்தார். மூன்றாம் வகுப்பு வரைக்கும் நான் ‘மாதேவன் பிள்ளை மகன்’. அப்பா ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சாமியாடிய பிறகுதான் எனக்குச் சொந்தத் தகப்பன் கிடைத்தார்.

பூ வியாபாரிக்கு அபிடவிட்டை இலவசமாகத் தட்டிக் கொடுத்தேன். அவர் அதை நம்பாமல் இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டு போனார்.

இடது புருவம்

இந்தத் தடவை பதில் கனமாக வந்தது. பிரித்துப் பார்க்காமலே சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போனேன். ஹவில்தாரும் பின்னாலேயே வந்தார். பட்டாளத்து ஆங்கிலம் தனக்குத்தான் விளங்கும் என்று.

அம்மை அடுக்களையில் தேங்காய் துருவிக் கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“படி,” என்றாள்.

பழைய சர்வீஸ் ரெக்கார்டின் நகல். பெயர், பூதலிங்கம். தகப்பனார் பெயர், மாதேவன் பிள்ளை. ஊர், பூதப்பாண்டி. வேலை, கோவேறு கழுதை ஓட்டி. படிப்பு, இல்லை. நெருங்கிய உறவு, தங்கை. அதற்கு நேரே அம்மையின் பெயர், ஏதோ ஒரு வெள்ளைக்காரன் எழுத்தில், கோணலாக.

துருவல் நின்றது.

“எம் பேரா?”

“ஒன் பேருதான்.”

“நம்ம பூதலிங்கந்தானா? ஊரெல்லாம் பூதலிங்கமில்லா?”

“அடையாளம்னு ஒண்ணு போட்டிருக்கான்,” என்றார் ஹவில்தார் எட்டிப் பார்த்து. “இடது புருவத்துல வெட்டுத் தழும்பு.”

அம்மை எழுந்துவிட்டாள். ஒரு கையில் தேங்காய் மூடி.

“அது நான் அகப்பையை எடுத்து எறிஞ்சதுலே! எம் பங்கு பணியாரத்தைத் தின்னான். எத்தனை ரத்தம்! வலிய மாமாகிட்ட விழுந்தேன்னு சொல்லி என்னைக் காப்பாத்தினான். அவன்தான். அவனேதான்!”

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. மூக்கில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

“மேல படி. செத்தானா?”

நான் கடைசி வரியைப் படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். ஹவில்தாரைப் பார்த்தேன். அவரும் படித்தார். தலையை ஆட்டினார்.

“சண்டை முடிஞ்சு பட்டாளத்தை விட்டு நல்லபடியா விலகியிருக்காரு,” என்றேன். “தேக ஆரோக்கியம் நல்லது. நடத்தை நல்லது. ஊருக்குக் கப்பல் ஏற மாட்டேன்னு சொல்லி, தன் சொந்த விருப்பப்படி பஸ்ராவிலேயே நின்னுட்டாரு.”

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. யாரும் இறக்கவில்லை.

“சொந்த விருப்பப்படியா?” என்றாள் அம்மை.

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“என்னை ஒரு வார்த்த கேட்டானா?”

நான் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன். ஹவில்தார்தான் சமாளித்தார்.

“அக்கா, நான் அந்த ஊரைக் கண்டிருக்கேன். ஆத்தங்கரை நெடுக பேரீச்ச மரம். குலை குலையாத் தொங்கும். எவன் வேணும்னாலும் பறிச்சுத் திங்கலாம், ஒருத்தனும் ஒண்ணும் சொல்லமாட்டான்.”

ஈராக்கில் இருந்து திரும்பிய பிறகு ஹவில்தார் சொன்ன பொய்கள் ஏராளம். இது பொய்யா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அம்மை அதைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒருத்தனும் கட்டிப் போடமாட்டான்?”

“மாட்டான்க்கா.”

அம்மை உட்கார்ந்தாள். கையிலிருந்த தேங்காய் மூடியைத் திரும்பத் துருவ ஆரம்பித்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

“கள்ளப் பய. அங்க ஒருத்தியைக் கெட்டியிருப்பான், பாத்துக்கோ. பிள்ளையளும் பெத்திருப்பான்.”

“அப்பம் அவருக்கு எள்ளு?” என்றேன்.

“அது அவன் பிள்ளைய பாக்கும். நீ ஒன் சோலியப் பாரு.”

இப்படியாக என் மாமன் வாரிசுரிமை தேங்காய் துருவும் இடத்தில் வைத்து என்னிடமிருந்து பறிக்கப்பட்டது. சட்டசபை செய்ததை அம்மை ஏற்றுக்கொள்ள அத்தனை வருஷம் ஆயிற்று. உண்டைவில்லை மட்டும் நான் திருப்பித் தரவில்லை.

ஒரு வரிக் கடிதம்

மறுநாள் அம்மை இன்ஸ்டிட்யூட்டுக்கே வந்துவிட்டாள். முதல் தடவையாக. நாற்காலியில் உட்கார மறுத்து நின்றாள்.

“அவனுக்கு ஒரு காயிதம் தட்டு.”

“விலாசம்?”

“பஸ்ரா.”

“அம்மா, பஸ்ரா பெரிய பட்டணம். தெரு, வீட்டு நம்பர் ஒண்ணும் தெரியாது.”

“புருவத்துல தழும்புன்னு போடு. தபால்காரன் மூஞ்சியப் பாத்துத்தான குடுப்பான்?”

ஹவில்தார் எதிர்க் கடையிலிருந்து, “நல்ல யோசனையாக்கும்,” என்று குரல் கொடுத்தார். அவர் எந்தப் பக்கம் என்று எப்போதும் சொல்ல முடியாது.

தட்டினேன். உறைமேல், ஆங்கிலத்தில்: பூதலிங்கம், முன்னாள் கோவேறு கழுதை ஓட்டி, இடது புருவத்தில் தழும்பு, பஸ்ரா. அனுப்புகிறவர் விலாசத்தையும் தெளிவாகத் தட்டினேன். எந்த ராஜ்யம் என்று போடுவதில் மட்டும் குழப்பம் வந்தது. அதனால் இந்தியா என்று போட்டேன்.

“உள்ள என்ன எழுத?”

நான் நீளமாக எதிர்பார்த்தேன். இத்தனை வருஷத்துக் கல்யாணம், சாவு, பிள்ளைப்பேறு, வழக்கு எல்லாம் வரும் என்று நல்ல தாள்களாக எடுத்து வைத்திருந்தேன். அம்மை ஒரே வரிதான் சொன்னாள். அதைத் தமிழிலேயே கையால் எழுதச் சொன்னாள்.

‘வலிய மாமா செத்துப் போனாரு. இனி நீ வரலாம்.’

அந்த ஆடியிலும் கடலுக்குப் போனோம். அப்பா பேர், காரணவர் பேர், அதோடு நிறுத்தினேன். அம்மை பாறைமேல் நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். வழக்கமான ஆட்களுக்குத்தான் ஏமாற்றம்.

மாமா வரவில்லை. பதிலும் வரவில்லை. நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் வரவில்லை. ஒருநாள் நான் சும்மா இருக்கமாட்டாமல், “அந்தக் காயிதம் அவருக்குக் கெடச்சிருக்காதும்மா,” என்றேன்.

அம்மை என்னை, இரண்டும் இரண்டும் எத்தனை என்று தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“கெடைக்காட்டி திரும்பி வந்திருக்கும்லா?”